இடது பிளாப் இறங்காத நாள்

என் வயிற்றில் பிறந்த விமானப்படைத் தளபதிக்கு,

போனில் கூப்பிட்டால் வெட்டிவிடுகிறாய். குரலில் பேசி அனுப்பினால் கேட்காமலே கிடக்கிறது. மூன்றாம் வகுப்போடு படிப்பை முடித்தவள் எழுதவா போகிறாள் என்ற துணிவு உனக்கு. எழுதிவிட்டேன் பார். எழுத்துப்பிழை திருத்துவதற்கு உன் கூட்டாளி நஸீரைப் பிடித்தேன். முசலியிலிருந்து வந்து மன்னார் ரவுணில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறவன். உன்னைப் போலவே விமானப் பைத்தியம், ஆனால் தாய்க்கு முகத்தைத் திருப்பாதவன். ரிமோட் விமானம் விடுகிற பெடியள் எல்லாரும் பார்க்கிற பக்கத்தில் இதைப் போடச் சொல்லியிருக்கிறேன். "அன்ரி, அவன் என்னைக் கொல்லுவான்" என்றான். "முதலிலை என்னைத்தான் கொல்லுவான். நீ வரிசையிலை நில்லு" என்றேன்.

கலியாணம் வருகிறது. சுகந்தி நல்ல பிள்ளை, உன்னைக் கட்டுவதற்குச் சம்மதித்ததைத் தவிர அவளில் வேறு பிழை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் மணவறைக்குப் பக்கத்தில் உன் தகப்பன் நிற்க வேண்டிய இடத்தில் என் அண்ணனை நிற்கச் சொல்லியிருக்கிறாயாம். அண்ணன் வந்து அதைச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்காமல் போனார். அந்த மனிதர் தேத்தண்ணியை வேண்டாம் என்றதை நான் இதுவரை கண்டதில்லை. ஏன் தகப்பனை விலக்கினாய் என்று கேட்கிறவர்களுக்கு நீ சொல்வது இதுதானாம்: அப்பா என் விமானத்தின் இடது பிளாப்பைக் கெடுத்து வைத்தார், அதனால்தான் அது விழுந்தது, பிறகு மண்வெட்டியால் அதை வெட்டியும் போட்டார். வெட்டியது உண்மை. நான் பார்த்தேன். கெடுத்தார் என்கிறாயே, அதைத்தான் இந்தக் கடிதத்தில் ஆணி ஆணியாகக் கழற்றப்போகிறேன்.

இதைப் படிக்கிற பெடியளின் தாய்மாருக்கும் விளங்க வேண்டும் என்பதால், நீ எனக்குச் சொல்லித்தந்ததை உனக்கே திருப்பிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். விமானத்துச் செட்டையின் பின்விளிம்பில், உடம்போடு ஒட்டினாற்போல இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இரண்டு துண்டுகள் இருக்கும். இறங்கப்போகும்போது அவை கீழே மடியும். மடிந்தால் விமானம் மெல்லப் பறந்தாலும் விழாது. அதுதான் பிளாப். ஒவ்வொன்றையும் இழுத்து மடிக்க நெருப்புப்பெட்டியிலும் சின்னதாக ஒரு மோட்டர், அதன் வயிற்றுக்குள் பல்லுச் சக்கரங்கள். அதுதான் சேர்வோ. சேர்வோவிலிருந்து பிளாப்புக்கு ஒரு கம்பி போகும். உன்னுடையதில் அது என் சைக்கிள் சில்லிலிருந்து என்னைக் கேட்காமல் உருவின கம்பி. இரண்டு பக்கமும் ஒரே அளவாக, ஒரே நேரத்தில் மடிய வேண்டும். ஒன்று மடிந்து மற்றது மடியாவிட்டால், மடிந்த பக்கம் மேலே எழும்பும், மடியாத பக்கம் கீழே போகும், விமானம் அப்படியே புரளும். நல்ல உயரத்தில் புரண்டால் தப்பலாம். இறங்கும்போதுதானே பிளாப்பை விடுகிறோம், அந்த நேரம் மண் பக்கத்தில் வந்து வாயைத் திறந்துகொண்டிருக்கும்.

எனக்கு இதெல்லாம் தெரியாமல் எப்படி இருக்கும், வால் பிடித்தவள் நான். ஒவ்வொரு முறையும் முற்றத்தில் குந்தியிருந்து விமானத்தின் வாலை மடியில் அணைத்துக்கொண்டு பார்ப்பேன், நீ முன்னால் நின்று சுவிட்சைத் தட்டுவாய். "அம்மா, ரெண்டும் ஒண்டா இறங்குதோ?" "வலது கொஞ்சம் முந்துது." "எவ்வளவு?" "உன்ரை கொப்பர் சாப்பாட்டுக்கு முந்துற அளவு." நீ சிரித்துக்கொண்டு கம்பியைத் திருகுவாய். சேர்வோ வண்டு மாதிரி இரைந்தால் எங்கோ இறுகுகிறது என்று அர்த்தம், கம்பியைக் கழற்றிவிட்டு பிளாப்பை விரலால் தட்டினால் அது தன் பாட்டில் தொங்க வேண்டும், தொங்காவிட்டால் செட்டையோடு அதைச் சேர்க்கிற பிணைச்சலில் பிழை, தொங்கினால் கம்பியிலோ சேர்வோவிலோ பிழை. இடது சேர்வோவின் வயரை வலதின் துளையில் செருகிப் பார்த்து, அப்போதும் இடதே வேலை செய்யாவிட்டால் சேர்வோதான் செத்தது. இவ்வளவும் நீ சொல்லித்தந்த பாடம். நான் படித்த மூன்று வகுப்பிலும் இதைவிட உருப்படியாக எதுவும் படிக்கவில்லை.

அன்றைக்கு நீ என்னை வால் பிடிக்கக் கூப்பிடவில்லை. சுகந்தியின் தகப்பன் வீடு பார்க்க வந்திருந்தார். நான் அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். மூக்கில் சுறாவின் பல்லு வரைந்த அந்தப் பழைய யுத்தத்து விமானத்தைத் தூக்கிக்கொண்டு, மாமனாருக்கு வித்தை காட்ட நீ வயலுக்கு இறங்கினாய். "செட்டை பாத்தனியோ?" என்று எட்டிக் கேட்டேன். "பாத்தாச்சு அம்மா" என்றாய். அந்தப் பொய்யை உன் நடையிலேயே கண்டேன். ஆனால் சட்டியில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது, விட்டுவிட்டேன்.

வயல் என்றால் அறுத்த வயல். நெல்லின் அடிக்கட்டைகள் ஊசி ஊசியாக நின்றன. அந்தப் பக்கம் இலுப்பைக்கடவைக் கரையில் தண்ணீர் வற்றிய நேரம் பலகை போட்டதுபோலத் தரை கிடக்கும், அங்கே கொண்டுபோ என்று எத்தனை தரம் சொன்னேன். "உப்புக் காத்து மோட்டரைத் திண்டுடும் அம்மா" என்பாய். உப்புக்குப் பயந்து கட்டைக்குள் இறக்கினாய். அதுவும் பிளாப்பைத் தொங்கவிட்டபடியே, கட்டைகளை அடித்துக்கொண்டு ஓடி நிற்கும் வரைக்கும். மண்ணைத் தொட்டதும் பிளாப்பை மேலே தூக்கிவிடு என்று நஸீர் சொன்னால், "நேரமில்லை மச்சான்" என்பாய். இதை மறந்துவிடாதே, பின்னுக்கு இது தேவைப்படும்.

உன் தகப்பன் வரம்பில் நின்றார். மாடு தேட வந்தவராம். எங்கள் மாடு அந்த நேரம் வீட்டுக்குப் பின்னால் என் சீலையைச் சப்பிக்கொண்டு நின்றது. நீ விமானம் விடுகிற நாளெல்லாம் அந்த மனிதருக்கு மாடு தொலைந்துபோகும், இதை நீ கவனித்ததே இல்லை. விமானம் வடிவாகச் சுற்றியது, தலைகீழாகவும் போய் வந்தது, சுகந்தியின் தகப்பன் கதிரையிலிருந்தபடியே கை தட்டினார். பிறகு இறக்க வந்தாய். சுவிட்சைத் தட்டினாய். வலது மடிந்தது. இடது அசையவில்லை. அடுப்படி வாசலில் நின்ற எனக்கே தெரிந்தது. விமானம் இடப்பக்கமாகப் புரண்டு வரம்பைப் பார்த்துத் திரும்பியது.

அப்போது நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் சிரிப்புத்தான் வருகிறது. உன் தகப்பன் தொப்பென்று குப்புற விழுந்தார். சுகந்தியின் தகப்பன் கதிரையோடு சரிந்து படுத்தார். நான் எண்ணெய்க் கரண்டியைப் பிடித்தபடி அடுப்படி நிலத்தில் கிடந்தேன். மூன்று பேரும் வாயைத் திறந்து, காதைப் பொத்தி, நெஞ்சு மண்ணில் படாமல் முழங்கையில் தாங்கிக்கொண்டு. நாங்கள் எல்லாரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் மகன், அந்தப் பாடம் மறக்காது. "படுக்காதேங்கோ, எழும்பி ஓடுங்கோ" என்று நீ கத்தினது கேட்டது. குண்டுக்குத்தான் படுக்க வேண்டும். விளையாட்டு விமானத்துக்கு நின்று பார்த்து ஒரு அடி விலகினால் போதும். நீ சொன்னது சரி. ஆனால் விமானம் சரிந்து வரும்போது நிமிர்ந்து நில் என்று எங்கள் முழங்கால்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

விமானம் மண்ணில் மோதி, கட்டைகளுக்கு மேலாக வழுக்கி, படுத்திருந்த மனிதரை நோக்கிப் போனது. மூக்கில் விசிறி நிற்கவில்லை. அதை நிறுத்த உன் கைக்கு நினைவு வரவில்லை. காதைப் பொத்தியிருந்த அவருடைய இடது கையை அது சீவியது. சுண்டு விரலும் அதற்குப் பக்கத்து விரலும் பாதிக்கு மேல் போய்விட்டன. கை இல்லாவிட்டால் காது போயிருக்கும், காதுக்குப் பின்னால் நரம்பு போயிருக்கும், நான் இப்போது வேறு மாதிரிக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பேன். சத்தம் கரும்பு வெட்டுகிற சத்தம் மாதிரி இருந்தது. வரம்புப் புல்லெல்லாம் சிவப்பு. ஒரு காகம் உடனே இறங்கியது, அதற்கு யார் போன் எடுத்துச் சொன்னதோ தெரியாது. நான் ஓடிப்போய்க் காகத்துக்கு முந்தி இரண்டு துண்டையும் பொறுக்கிச் சீலைத் தலைப்பில் முடிந்தேன். ஆஸ்பத்திரியில் அவிழ்த்துக் காட்டினபோது டொக்டர் பார்த்துவிட்டு, "அம்மா, இது இனி ஒட்டாது" என்றார். "ஒட்டாட்டிப் பரவாயில்லை, கணக்குக்குக் காட்டினனான்" என்றேன். மருந்து கட்டின பிள்ளை திரும்பி நின்று சிரித்தாள். நான் சிரிக்காமல் இருந்திருந்தால் அங்கேயே விழுந்திருப்பேன்.

ஆனால் ஆஸ்பத்திரிக்கு முன்பு மற்றது நடந்தது. அவர் எழும்பினார். கையைப் பார்க்கவில்லை. வரம்பில் குத்தி நின்ற மண்வெட்டியை எடுத்து விமானத்தை வெட்டினார். முதல் வெட்டில் முதுகு முறிந்தது, இரண்டாவதில் சுறாவின் வாய் பிளந்தது, அடுத்தது பற்றரியில் விழுந்தது. அது பாம்பு மாதிரிச் சீறி நெருப்பாய் எழும்பியது. அவர் நெருப்பையும் வெட்டினார். ஒவ்வொரு வெட்டுக்கும் அவர் கையிலிருந்து இரத்தம் சுழன்று தெறித்தது. நீ ஓடிவந்து ரிமோட்டாலேயே அவர் வாயில் அடித்தாய். அவர் மண்வெட்டிப் பிடியால் உன் தோளில் போட்டார். நீ அவரைக் கட்டிப்பிடித்து விழுத்தி, நெஞ்சில் ஏறியிருந்து முகத்தில் குத்தினாய், ஒன்று, இன்னொன்று, நிறுத்தாமல். நான் தண்ணிப் பம்பின் குழாய்த் துண்டை எடுத்து இரண்டு பேருக்கும் பாரபட்சமில்லாமல் விளாசினேன். உனக்கு முதுகில் தழும்பு விழுந்திருக்கும். அது என் கையெழுத்து, கலியாணத்தன்று சுகந்தி கேட்டால் அப்படியே சொல்லு. சுகந்தியின் தகப்பன் பாவம், சம்பந்தம் பேச வந்த மனிதர், வாளியில் தண்ணீர் அள்ளி வயலில் பிடித்த நெருப்பை அணைத்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் அந்தச் சொல்லைச் சொன்னாய். "நீதான் கெடுத்தனீ. நேத்துப் பின்னேரம் அதை மடியிலை வைச்சு, முள்ளாலை செட்டையைக் கிண்டிக்கொண்டு இருந்ததைக் கண்டனான். என்ரை விமானம் விழவேணும் எண்டு நினைச்சனீ, விழுந்திட்டுது. உனக்கு இப்ப சந்தோசமோ?" நீ அவரை வாழ்நாளில் நீ என்று கூப்பிட்டதில்லை. அவர் வாயில் இரத்தத்தோடு உன்னைப் பார்த்தார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நீ பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாய். அவர் பேசாமல் இருந்ததைக் குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டாய். அந்த மனிதர் எதற்குத்தான் வாய் திறந்திருக்கிறார் மகன். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றே அவர் சொன்னது ஒரு சொல். "சரி." அதுவும் வடையைப் பார்த்து.

உனக்கும் அவருக்கும் இடையில் விமானம் வந்து விழுந்தது இது முதல் தரம் இல்லை. யுத்த நேரம், நீ சின்னப் பிள்ளை. இடம்பெயர்ந்து ஒரு புளியமரத்துக்குக் கீழே தறப்பாள் கட்டி இருந்தோம், பக்கத்தில் ஒரு பங்கர். குண்டு போடுகிற கிபிர் விமானம் வந்தது. எல்லாரும் பங்கருக்குள் பாய்ந்தோம், உன்னைக் காணவில்லை. நீ வெளியே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாய். "அம்மா, அது திரும்புது, வடிவா இருக்கு" என்றாய். அது குண்டு போடத் திரும்புகிறது. உன் தகப்பன் வெளியே பாய்ந்து உன் முழங்காலுக்குப் பின்னால் உதைத்து, நீ எழும்பப் பார்க்க முகத்தில் அறைந்து, மண்ணோடு அழுத்தி மேலே படுத்தார். உன் முன்பல்லு உடைந்தது. பக்கத்துத் தறப்பாளில் உலை வைத்துக்கொண்டிருந்த கமலாக்காவை நாங்கள் பிறகு ஒரு பாயில் சேர்த்தெடுத்தோம். நீ நின்ற இடத்துக்கு நேரே, உன் தலை உயரத்தில், புளியமரத்தில் ஒரு இரும்புத் துண்டு கையகலத்துக்கு ஏறி நின்றது. அதைத் தொட்டேன், சூடு. நீ வளர்ந்த பிறகும் எல்லாருக்கும் சொல்லுவாய், அப்பா என்ரை பல்லை உடைச்சவர் என்று. அந்த இரும்பைப் பற்றிச் சொல்லமாட்டாய். அது உன் முகத்தில் இல்லையே, மரத்தில்தானே இருந்தது.

அதற்குப் பிறகும் நீ விமானத்தை வெறுக்கவில்லை. அதுதான் எனக்கு விளங்காத அதிசயம். மீன்பெட்டியின் வெள்ளை ரெஜிபோம் தகட்டை வெட்டி முதல் விமானத்தைச் செய்தபோது வீடெல்லாம் மீன் மணத்தது, பூனைகள் மூன்று நாள் உன் கட்டிலைச் சுற்றின. நாங்கள் சத்தம் கேட்டாலே அடுப்பை விட்டு எழும்புகிற சனம். நீ அந்தச் சத்தத்தைக் கையில் வைத்துத் திருகி விளையாடினாய். இதை உனக்குப் பெருமை வரட்டும் என்று சொல்லவில்லை, தலை வீங்கினால் தலைப்பாகை கொள்ளாது.

கலியாணம் கட்டப்போகிறாய், ஒரு புத்தி சொல்லாவிட்டால் இது தாயின் கடிதமாகாது. நான் மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். ஒரு நாள் சனம் தடியும் பெற்றோலுமாக வந்து லயத்தைக் கொளுத்தியது. என் அப்பாவின் மண்டையைப் பிளந்தார்கள், நான் தேயிலைச் செடிக்குக் கீழே கிடந்து பார்த்தேன். அடித்தவர்களில் ஒருத்தன் முந்தின கிழமை எங்கள் வீட்டில் இருந்து தேத்தண்ணி குடித்தவன். ஓங்கின தடியை அவன் ஒரு நொடி நிறுத்தினதை நான் கண்டேன். என் அப்பாவை அடையாளம் கண்டுவிட்டான். கையை இறக்கியிருக்கலாம். ஆனால் ஓங்கியாகிவிட்டது, பக்கத்தில் ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அடித்துவிட்டான். அப்பா பிழைத்தார், மூட்டையோடு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தோம், அந்த நொடியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஓங்கின பிறகும் இறக்கலாம். யார் பார்த்தாலும் இறக்கலாம். சுகந்தியோடு சண்டை வரும், வராவிட்டால் நீங்கள் இரண்டு பேரும் பேசவில்லை என்று அர்த்தம். வாய்க்கு வந்ததைச் சொல்லுவாய், தகப்பனின் ஊமைத்தனம் உனக்கு வரவில்லை, என் வாய்தான் வந்திருக்கிறது. சொன்ன கையோடு திருப்பி எடு. அவ்வளவுதான் என் புத்தி.

இனி உன் வழக்குக்கு வருகிறேன். வெட்டின விமானத்தை நான் எறியவில்லை. யூரியாச் சாக்கில் அள்ளி வைத்திருந்தேன். வெட்டும் நெருப்பும் நடுவுடம்பில்தான். இடது செட்டை முழுசாக இருந்தது. அண்ணன் வந்துபோன மறுநாள் சாக்கைத் தூக்கிக்கொண்டு ரவுணுக்குப் போய் நஸீரின் மேசையில் கொட்டினேன். போன் திருத்த வந்த ஒருவர் இரத்தக் கறையைப் பார்த்துவிட்டுப் பிறகு வருகிறேன் என்று போய்விட்டார். நீ சொல்லித்தந்த ஒழுங்கிலேயே பார்த்தோம். கம்பியைக் கழற்றிவிட்டு பிளாப்பை விரலால் தட்டினேன். தன் பாட்டில் தொங்கியது, பிணைச்சலில் குற்றமில்லை. கம்பி நேராக இருந்தது, என் சைக்கிள் கம்பி அல்லவா. வயரை நஸீர் தன்னிடமிருந்த சேர்வோ சோதிக்கிற பெட்டியில் செருகினான். சேர்வோவுக்குள் மோட்டர் கிர்ரென்று சுற்றியது, ஆனால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற கை அசையவில்லை. "அன்ரி, பல்லு போட்டுது" என்றான். நாலு ஆணியையும் கழற்றித் திறந்தான். உள்ளே சக்கரத்தில் பல்லுகள் வரிசையாக உடைந்து, தூள் தூளாகக் கிடந்தன.

முள்ளால் கிண்டினால் இப்படி உடையுமா என்று நான்தான் கேட்டேன், உனக்காகத்தான் கேட்டேன். நஸீர் தலையை ஆட்டினான். "முள்ளு உள்ளுக்கே போகேலாது அன்ரி. இது பிளாப் கீழை தொங்கேக்கை பின்னாலை அடி வாங்கி உடைஞ்சது. கட்டைக்குள்ளை இறக்கிறவன். ஒவ்வொரு தரமும் ரெண்டு பல்லு, ஒரு பல்லு எண்டு போயிருக்கும். அதுக்கு முந்தின தரம் இறக்கேக்கை கடைசிப் பல்லும் போயிருக்கும்." பிளாப்பின் கீழ்விளிம்பைத் திருப்பிக் காட்டினான். வரிசையாகக் குத்தின காயம். நெல்லுக்கட்டையின் காயம். நீ வால் பிடிக்க என்னைக் கூப்பிட்டிருந்தால் முற்றத்திலேயே கண்டிருப்பேன்.

இன்னொன்றும் சொன்னான், அதைக் கடிதத்தில் போடவேண்டாம் என்று கெஞ்சினான், நான் கேட்கவில்லை. பிளாப்பைத் தட்டினதும் விமானம் புரண்டால், வேறு யோசனை இல்லாமல் அந்தச் சுவிட்சை உடனே திருப்பி மேலே போட வேண்டுமாம். இரண்டு பக்கமும் மறுபடி ஒன்றாகிவிடும், விமானம் நிமிரும், பிளாப் இல்லாமலே கொஞ்சம் வேகமாக இறக்கலாம். நீ சுவிட்சைத் தொடவில்லை. ரிமோட்டின் கோலைப் பின்னுக்கு இழுத்து மல்லுக்கட்டினாய். மூக்கு எழும்பி, வேகம் செத்து, விழுந்தது. மாமனார் பார்த்துக்கொண்டிருந்தார் அல்லவா.

வீட்டுக்கு வந்து உன் தகப்பனுக்குச் சொன்னேன். கை கட்டோடு மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். முள்ளால் என்ன செய்தீர்கள் என்று அப்போதுதான் முதல் தரம் கேட்டேன். "பிணைச்சலுக்குள்ளை நெல்லுத்தாள் சிக்கிக் கிடந்தது. எடுத்துவிட்டனான்" என்றார். ஏன் அவனுக்குச் சொல்லவில்லை என்றேன். "எடுக்கேக்கை நான்தான் எதையோ உடைச்சிட்டனோ எண்டு நினைச்சன். இவ்வளவு நாளும் அதைத்தான் யோசிச்சுக்கொண்டு இருந்தனான்." கேட்டாயா மகன்? விரல் இரண்டைக் கொடுத்த மனிதர், குற்றம் தன்னுடையதோ என்று யோசித்துக்கொண்டு இருந்திருக்கிறார். நான் சேர்வோவைத் திறந்து காட்டினேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு சொன்னார், "அவனுக்குச் சொல்லாதை."

"ஏனாம்?"

"தன்ரை கையாலை வந்த வினை எண்டு தெரிஞ்சா அவன் இனிப் பறக்கவிடமாட்டான்."

"விடாட்டி நல்லந்தானே. உங்களுக்குத்தானே பிடிக்காது."

"பிடிக்காதுதான்." வைக்கோலை உதறினார். "ஆனா அவன் மேலை பாக்கேக்கை சிரிக்கிறவன். நாங்கள் மேலை பாத்து எப்பவாவது சிரிச்சனாங்களோ?"

கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. மாடே நிமிர்ந்து பார்த்தது. சொல்லாதே என்றார், நான் சொல்லிவிட்டேன். ஊரறியச் சொல்லிவிட்டேன். அவருக்கு வாயில்லை, எனக்கு ஒளிப்பு மறைப்பில்லை, இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நீ வளர்ந்தாய், இனிப் புதிதாக என்ன அதிர்ச்சி.

அண்ணனுக்கு நானே சொல்லிவிட்டேன், அவர் மாப்பிள்ளைத் தோழனோடு நின்று படம் எடுத்துக்கொள்ளட்டும். உன் தகப்பன் வேட்டியைத் தோய்த்துக் கொடியில் போட்டிருக்கிறார். நீ கூப்பிடவில்லை என்பதும் அவருக்குத் தெரியும், ஆனாலும் தோய்த்திருக்கிறார். கேட்டால் மாடு தேடப் போகிறேன் என்பாரோ என்னவோ. நீ வந்து கூப்பிடு. போனில் இல்லை, வாசலில் வந்து நின்று. அவர் ஒன்றும் பேசமாட்டார், நீயும் பேசவேண்டாம், நான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுகிறேன். அடி விழும் என்று பயந்தால் முதுகுப் பக்கத்தைக் காட்டிக்கொண்டு வா, அங்கே ஏற்கெனவே கோடு போட்டு வைத்திருக்கிறேன். மண்வெட்டியை ஒளித்துவைத்திருக்கிறேன், எங்கே என்று உங்கள் இருவருக்கும் சொல்லமாட்டேன்.

வாழ்த்தி அறுகரிசி போடுகிறபோது மட்டும் ஒன்று கவனி. இரண்டு கையாலும் அள்ளித்தானே தலையில் போடுவார்கள். அவருடைய இடது கையில் விரல் இல்லாத பக்கத்தால் அரிசி சிந்தும். வீட்டில் உழக்கு அரிசி வைத்துப் பழகிப் பார்த்தார், அடுப்படிக் கதவிடுக்கால் கண்டேன், பாதி நிலத்தில் கொட்டியது, கோழிகளுக்குக் கொண்டாட்டம். அவர் உயரத்துக்கு வரும்படி நீ நன்றாகக் குனிந்து நில். எல்லாரும் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

சுவிட்சை மேலே போடு, மகன்.

வால் பிடிக்கிற அம்மா.